அது படுக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தேன்

28.9.2025, ஞாயிறு

மூன்று வாரமாக "மேம்படுத்தவா, மேம்படுத்தவா" என்று மடிக்கணினி கெஞ்சிக்கொண்டிருந்தது. இன்று பாவம் பார்த்துச் 'சரி' அழுத்திவிட்டேன். புது உடுப்புப் போட்டதுபோல் வந்து நிற்கிறது. அழகுதான்.

வானொலியின் தீபாவளி நகைச்சுவை நாடகப் போட்டிக்கு இன்னும் இரண்டு காட்சிதான் பாக்கி. லாரி டிரைவர் ஒருவரின் ஜிபிஎஸ்ஸில் மாமியாரின் குரல் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. எழுதும்போது நானே சிரித்துவிடுகிறேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னா தனியா சிரிக்கிற?"

"ஆபீஸ் எக்செல் மா."

எக்செல் பார்த்துச் சிரிக்கும் மகளை அம்மா நம்பிவிட்டார். குடும்பத்தில் முதல் பட்டதாரி, எதுவும் செய்வாள்.

29.9.2025

படுத்துவிட்டது. நீலத் திரை, அதில் அழும் முகம். ஒரு பக்கம் போச்சு.

1.10.2025

மறுபடியும். மறுபடியும். மாமியார் வாயைத் திறந்தாலே படுத்துக்கொள்கிறது. லாரியிலிருந்து இறங்கி வந்த அப்பா பார்த்தார். "ஏன் இது மூஞ்சத் தூக்கி வச்சிருக்கு? நீ ஏதும் ஏசினியா?" அம்மா அதன் நெற்றியில் விபூதி பூசினார். கணினிக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

4.10.2025, சனி

ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பழுது பார்ப்பவர் ஜோவான் அக்கா. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. பின்பக்கத்தைக் கழற்றினார்.

"ஆயோ, உள்ள என்னா இது, விபூதியா? காத்தாடி திணறுது லா! சாமி கும்பிட்டா வெளிய பூசுங்க மா, உள்ள போடாதீங்க!"

கடையே சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, இது படுக்கும்போது என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?"

"எக்செல்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பழகிப்போச்சு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

7.10.2025

மூன்று நாளும் எக்செல் ஓட்டிப் பார்த்தாராம். ஒருமுறைகூடப் படுக்கவில்லை. "இங்க சமத்தா இருக்கு. பேய் உங்க வீட்டுலதான்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் நாடகத்தைத் திறந்து "மாப்பிள்ளை" என்று எழுதத் தொடங்கினேன். 'மா' வந்தது. நீலம்.

8.10.2025

இன்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். படுக்கவில்லை. மலாயில் தட்டினேன். படுக்கவில்லை. தமிழுக்கு மாற்றி ஒரே ஓர் 'அ'. படுத்துவிட்டது!

சந்தோஷத்தில் கட்டிலில் ஏறிக் குதித்தேன். எதற்குச் சந்தோஷம் என்று தெரியவில்லை. காம்பார் பல்கலைக்கழகத்தில் படித்தபோது தமிழ்க் கழக அண்ணன் ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுக்கொடுத்த பழைய தமிழ்த் தட்டச்சுதான் காரணம். மேம்படுத்திய கணினி என்னும் புது வீட்டில் அதற்குச் சேரவில்லை.

பிறகு கட்டிலில் உட்கார்ந்தேன். நாடகம் முழுக்க அந்தப் பழைய எழுத்தில்தான் இருக்கிறது. ஆபீஸ் கணினியில் திறந்தால் வெறும் பூச்சி பூச்சியாக வருகிறது. வெள்ளி மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அப்படியென்றால் ஜோவான் அக்காவிடம் சொல்ல வேண்டும். உண்மையை. வாயால்.

9.10.2025, வியாழன்

வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். கடை வாசலை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

"அக்கா, அது எக்செல் இல்ல. நான் தமிழ்ல... நாடகம் எழுதுறேன். வேடிக்கை நாடகம்."

"அடிப்பாவி! மூணு நாளா நான் எக்செல்ல ஒன்னும் ஒன்னும் கூட்டிக்கிட்டு இருக்கேன்!"

திட்டிக்கொண்டே பழைய தட்டச்சைப் பிடுங்கி எறிந்தார். பூச்சி எழுத்துகளை மாற்றித் தரும் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்தார். திரையில் ஒவ்வொரு வரியாகத் தமிழ் திரும்பி வந்தது.

"சரியா வந்திருக்கா? படிங்க."

"நீங்களே பாருங்களேன் க்கா."

"நான் மலாய்ப் பள்ளி லா மா. பேசுவேன், ஏசுவேன், ஜெபம் பண்ணுவேன். படிக்க மட்டும் வராது. சத்தமா படிங்க."

கடையில் ஆறேழு பேர். காது சுட்டது. முதல் வரியை முணுமுணுத்தேன்.

"கேக்கல!"

அப்புறம் எங்கிருந்தோ மாமியார் வந்துவிட்டார். என் வாயில்தான். "அங்க ரவுண்டபவுட் வருது மாப்பிள்ளை. சுத்துங்க. நல்லா சுத்துங்க. வீட்டு வேலன்னா மட்டும் உங்களுக்குத் தலை சுத்துது!"

ஜோவான் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். பிரிண்டருக்குக் காத்திருந்த சீன அங்கிள் ஒரு சொல்லும் புரியாமல், அக்கா சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்கள். நிறுத்த முடியவில்லை. இரண்டு இடத்தில் 'ள', 'ல' ஆகியிருந்தது. திருத்தினேன். அதற்காகத்தானே படித்தேன்!

பஸ்ஸில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வரைக்கும் எனக்குள் யாரோ துள்ளிக்கொண்டே வந்தார்கள்.

10.10.2025

நேற்றிரவே ஒரு காட்சி முடிந்தது, கடைசிக் காட்சியை இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். படுக்கவில்லை. அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டேன்!

21.10.2025

நேற்றுத் தீபாவளி. நாடகத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த டிரைவர் நானா?" என்றார். இல்லை என்றேன். அம்மா முறுக்குத் தட்டோடு நின்று, "அப்ப அந்த மாமியா எங்கம்மாதான்," என்றார். அப்பா அவசரமாக முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

24.10.2025, வெள்ளி

போட்டி முடிவு அடுத்த மாதம்தான்.

ஆபீஸில் சரளா அக்கா வழக்கம்போல் கேட்டார், "நாளைக்கு என்னா பிளான் மா?" "சும்மாதான்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஜோவான் அக்கா கடையில புது நாடகம் படிக்கிறேன் க்கா. சீன அங்கிள்கூட வாரார். நீங்களும் வாங்க."