பால் நிறம்

ஜூன் 4, செவ்வாய்
இன்றும் தம்பி தட்டைத் தள்ளிவிட்டான். சோறு வேண்டாம், முட்டை வேண்டாம், பால்தான் வேண்டும். இரண்டு வயதாகப் போகிறது, இன்னும் கையில் பால்புட்டி. தையல் ஃபேக்டரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா, "விடு, பால்ல இல்லாததா?" என்று புட்டியை நிரப்பிக் கொடுத்தாள்.

மாடிவீட்டுப் பெரியம்மா என் கையை அவன் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். "பாலாக் குடிச்சு இவன் பாலாவே ஆயிட்டான். உனக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்." அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு
தம்பி சுவர்க் காரையைச் சுரண்டித் தின்கிறான். வாயில் விரலை விட்டு எடுத்தேன். கடித்துவிட்டான்.

ஜூன் 13, வியாழன்
போன வருஷப் படத்தில் அவன் என் நிறம்தான். இப்போது உதடு, நகம்கூட வெளுப்பு. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான். நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் தேடி எடுத்தேன். இரத்தசோகை பற்றிய பக்கத்தில் மண், காரை தின்பதும் இருக்கிறது.

பொறாமையில்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதா? இல்லை — கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஊரே அழகுங்குது, உனக்கு மட்டும் நோயாத் தெரியுதா? கண்ணு வைக்காதே" என்றாள். நானா? நானா கண்ணு வைக்கிறேன்? அழுதுகொண்டே அவள் விரலைப் பிடித்து அவன் இமையில் வைத்தேன். பார்த்தாள். மற்ற இமையையும் தானே இழுத்துப் பார்த்தாள்.

ஜூன் 14, வெள்ளி
அம்மா வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரத்தம் எடுத்துப் பார்த்தார். பால் கெட்டதில்லையாம். ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, வயிறு முழுக்க அதுவே இருந்தால் சாப்பாட்டுக்கு இடமேது என்றார். "இது நிறமில்லம்மா. உடம்புல ரத்தம் இல்ல."

வழியெல்லாம் அம்மா அவனைத் தோளைவிட்டு இறக்கவில்லை.

ஜூன் 17
புட்டியை ஒளித்தாயிற்று. சொட்டு மருந்து, சாப்பாடு, அதன்பிறகே டம்ளரில் கொஞ்சம் பால். வீட்டையே இரண்டாக்கினான். அம்மா அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

ஜூன் 25
கீரையைத் துப்பினான். முட்டையில் பாதி உள்ளே போனது. பாதி!

செப்டம்பர் 8, ஞாயிறு
மகள் வீட்டுக்குப் போயிருந்த மாடிவீட்டுப் பெரியம்மா திரும்பிவிட்டார். தம்பி மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான், அம்மா தட்டோடு அவன் பின்னால்.

"என்னடி இது, பிள்ளை இப்படிக் கறுத்துட்டான்?"

அம்மா அவன் வாயில் அடுத்த உருண்டையை வைத்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "அவன் அக்கா நிறம்."