சணல் கட்டிய மூன்று பிரஷ்கள்

ஏப்ரல் 11

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணி, நலம் விசாரிப்பதை இந்த அளவில் நிறுத்திக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் குரலை உயர்த்துவேன், அதனால் எழுதுகிறேன். முதலில், நடந்தவை தேதி வாரியாக:

1. ஜனவரி 6. விடுமுறைக்கு வந்திருந்த நீ, நான் வங்கிக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில், கப்பலுக்குத் தயாராக இருந்த அறுபத்து நான்கு பெட்டிகளில் முதலாவதைப் பிரித்து, மேலே சணலால் கட்டி வைத்திருந்த மூன்று பிரஷ்களை எடுத்துக் குப்பையில் போட்டாய். அந்த இடத்தில், இருப்பதிலேயே நேர்த்தியான மூன்றைப் பொறுக்கி, பட்டு நாடாவால் கட்டி, நன்றி அட்டை ஒன்றையும் செருகி வைத்தாய். என்னிடம் சொல்லவில்லை.

2. மார்ச் 17. பத்தொன்பது ஆண்டுகளாக நம்மிடம் பெயின்ட் பிரஷ் வாங்கும் வெளிநாட்டுப் பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டே வரி. "இந்த முறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்கும்படி ஆகிவிட்டது. அடுத்த ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன்."

3. மார்ச் 21. பன்னாட்டு வணிகத்தில் பண்பாட்டு வேறுபாடுகள் என்ற பாடத்துக்காக நீ எழுதிய அறிக்கை வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்றது என்று எனக்கு அனுப்பிவைத்தாய். ஒன்றாம் எண்ணில் கண்ட செயலை அதன் நான்காம் பக்கத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். அங்கே அதற்கு 'குடும்பத் தொழிலில் நான் செய்த முதல் சீர்திருத்தம்' என்று பெயர்.

4. மார்ச் 29. நாற்பத்தொரு பெட்டிகள் திரும்பி வந்தன.

5. ஏப்ரல் 2. நான் போனில் கேட்டதற்கு, "அவங்க ஊர்ல எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்கன்னு புக்லயே இருக்குப்பா, புடிக்கலன்னா அப்பவே கேட்டிருக்கணும்ல" என்றாய். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய்.

இனி, நீ குப்பையில் போட்டது என்ன என்று சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் நாம் அனுப்பிய இரண்டாவது சரக்கிலேயே தகராறு வந்தது. பெரியவர் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு நேரில் வந்து, நம் பட்டறையின் நீள மேசைமேல் மூன்று பிரஷ்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் முடி உதிர்ந்தது, ஒன்றில் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டையின் ஆணி சாய்ந்திருந்தது, இன்னொன்றில் கைப்பிடியில் வார்னிஷ் வழிந்து காய்ந்திருந்தது. முப்பது வயதைத் தாண்டிய, பட்டம் வாங்கிய, வாயாடியான நான் அன்றைக்கு ஏனோ ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்த பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, அந்த மூன்றையும்விடக் கேவலமான ஒன்றை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தேன். அந்த மனிதர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த வாட்டி இதை மேலயே வச்சு அனுப்பிடுங்களாம், தேடுற வேலை மிச்சமாம்" என்றார். அன்று தொடங்கியதுதான். ஒவ்வொரு சரக்கிலும் இருப்பதிலேயே மோசமான மூன்றை நான் பொறுக்கி, என் கையால் சணல் கட்டி, முதல் பெட்டியின் மேலே வைப்பேன். உள்ளே இதைவிடத் தாழ்ந்தது கிடையாது என்பது அதன் பொருள். அவர் அந்த மூன்றை மட்டும் பார்ப்பார், அதற்கேற்பத் தம் வாடிக்கையாளர்களுக்கு வாக்குக் கொடுப்பார், மற்ற பெட்டிகளைப் பிரிக்காமலே அனுப்பிவிடுவார். உன் புத்தகத்தில் இது இருக்காது. அவர் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் கிடையாது, நம் நாட்டிலும் கிடையாது. இரண்டு பேர் ஒரு மேசையில் உண்டாக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

திரும்பி வந்த பெட்டிகளோடு, நடந்ததை விவரித்துப் பெரியவர் ஒரு கடிதமும் வைத்திருந்தார். பிப்ரவரியில் அவர் முதல் பெட்டியைத் திறந்தபோது உன்னுடைய மூன்றைப் பார்த்திருக்கிறார். இருப்பதிலேயே மட்டமானது இப்படியா என்று மகிழ்ந்து, கப்பல்களுக்கு வண்ணம் பூசும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அந்தத் தரத்தையே வாக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பிரித்தால் நாம் எப்போதும் செய்கிற சாதாரண பிரஷ். எழுபது வயதில் அவர் அந்த நிறுவனத்தின் கிடங்கில் நின்று, தாம் ஏன் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை என்று இளைஞர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். உன் நன்றி அட்டையை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அச்சு நன்றாகவே இருக்கிறது.

பட்டறையில் இருபத்தாறு பெண்களுக்கும் இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. கைப்பிடிகளை உலர்த்தும் சட்டங்கள் பாதிக்கு மேல் காலி. பெட்டி கட்டும் அக்கா என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். கூப்பிட்டுக் கேட்டதும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். "பாப்பா என்னக் கேட்டுச்சு சார், ஏங்க்கா, தக்காளி விக்கிறவன்கூட அழுகினத அடியிலதான் போடுவான், நீங்க என்ன குப்பையத் தூக்கித் தலைமேல வச்சு அனுப்புறீங்கன்னு. நான் என்னத்தச் சொல்ல? அது சார் கைப்படக் கட்டுறது, ஏன்னு கேட்டா மொறைப்பாரு, பத்து வருஷமா நானே கேட்டதில்லன்னு சொன்னேன்." அதற்கு நீ சிரித்தாயாம்.

திரும்பி வந்த பெட்டிகளுக்குப் பட்டறையில் இடமில்லை. பதினெட்டை உன் அறையில் அடுக்கியிருக்கிறேன், கட்டிலின் மேலும் சேர்த்து. உன் அம்மா தினமும் அவற்றைத் துடைக்கிறாள். "அவ வந்தா எங்க படுப்பா" என்று கேட்டாள். வரும்போது பார்க்கலாம் என்றேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "அந்த மூணு பிரஷ் எதுக்குன்னு அவ உங்களக் கேட்டா. பெட்டியப் பிரிச்சதுக்கு முந்தின நாள், இதே மேசையில. நீங்க பேப்பர்லேர்ந்து தலையத் தூக்காம, உனக்கு அதெல்லாம் புரியாதுன்னீங்க" என்றாள். எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். நினைவிருக்கிறது. ஆகவே மேலே உள்ள பட்டியலில் ஆறாவதாக இதையும் சேர்த்துக்கொள்: ஜனவரி 5, குற்றம் என்னுடையது. இதனால் மற்ற ஐந்தும் இல்லாமல் போகா.

பெட்டிகளோடு வந்த கடிதத்தில் பெரியவர், இந்த முறை கட்டியது யார் என்று கேட்டிருந்தார். நானே கட்டினேன், கவனப்பிசகு என்று எழுதினேன். உன் பெயரை எழுத என் கை வரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவருக்கு நான் எழுதிய முதல் பொய் அது. பதில் நேற்று வந்தது. "முடிச்சு உங்களுடையது அல்ல. கட்டிய கை எதுவோ, அதுவே அடுத்த மூன்றையும் பொறுக்கட்டும். அதைப் பார்த்த பிறகு தொடர்வதா வேண்டாமா என்று சொல்கிறேன்." இருபத்தாறு பேருடைய வேலையும் இப்போது அந்த மூன்று பிரஷ்களில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் அடுத்த சரக்கிலிருந்து எடுத்த இருபது பிரஷ்களும் ஒரு முழம் சணலும் இருக்கின்றன. மோசமானவற்றை ஏற்கெனவே பிரித்து, இந்த இருபதுக்குள் கலந்திருக்கிறேன். டியூப் லைட்டில் பார்க்காதே, பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார். கட்டைவிரலால் முடியை நான்கு முறை மடக்கிவிட்டு எத்தனை உதிர்கிறது என்று எண்ணு. தகரப் பட்டையை நகத்தால் தடவிப் பார், கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியும். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் நீ என் மகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்றைப் பொறுக்கி, உன் கையால் கட்டி, நேராக அவருக்கு அனுப்பு. அட்டை எதுவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். உன் படிப்பு குறையில்லாமல் முடிய என் ஆசி உண்டு. கோபத்தில் நான் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

எந்த மூன்று, ஒவ்வொன்றும் ஏன் என்பதை உன் கைப்பட எழுதி, மே 5ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். போனில் சொல்வதை ஏற்கமாட்டேன். அன்றைக்குள் பதில் வராவிட்டால், மூன்றை நானே பொறுக்கி, நானே கட்டி, நீ கட்டியதாக அவருக்கு எழுதும்படி ஆகும். அவருக்கு என் முடிச்சு தெரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா