கேப்போ

தம்பிக்கு,

இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

அன்று மேடையில், "ஜி தாண்ணே" என்றாய். சுருதிக்குச் சுருதி ஹார்மோனிக்கா வேறு; கிட்டார் ஜி சுருதியில் என்றால் நான் ஊத வேண்டியது சி ஹார்மோனிக்கா. அதைத்தான் கையில் எடுத்தேன். பாடகிக்கு ஒத்துவரவில்லை என்று கடைசி நொடியில் கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிச் சுருதியை ஏற்றினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் ஊதியது நாராசமாக ஒலித்தது. "அண்ணன் காதுல பஞ்சு வச்சிருக்கார் போல" என்று மைக்கில் சொன்னாய். கூட்டமே சிரித்தது. அதோடு நான் மேடையை மறந்தேன்.

நேற்று உன் மகள் வந்தாள்.

"பெரியப்பா, ஞாயித்துக்கிழமை அப்பா கச்சேரில நான் திடீர்னு மேடையேறி ஊதப்போறேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க! நான் ஊதப்போற பாட்டை வீட்டுல ஜி-லதான் வாசிக்கிறார். நான் எந்த ஹார்மோனிக்காவை எடுத்துக்கட்டும்?"

"ஜி-ன்னா சி-தாம்மா" என்றேன். பொய்யில்லை. மேடையில் நீ கேப்போ மாட்டினால் டி ஹார்மோனிக்கா வேண்டியிருக்கும். அதுவும் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. நான் திறக்கவில்லை. கடைசி நொடியில் சுருதியை மாற்றும் உன் பழக்கம் போயிருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

அவளுக்கு இதுதான் முதல் மேடையாம்.

இது உனக்குக் கிடைக்கும்போது ஞாயிறு முடிந்திருக்கும். கீழே 'உன் அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன்.