அடக்கம் முடிந்த இரவின் தூக்கம்

அன்புள்ள சொலோமியாவுக்கு,

செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; அதனால் கடிதம். எனக்கு ஒரு குறையும் இல்லை. பீட்ரூட் சூப் வயிறாரக் கிடைக்கிறது, உன் கைப்பக்குவம்தான் இல்லை. உன் இருமல் நின்றதா? மாமாவின் முழங்கால் எப்படி?

பயிற்சி முடிந்ததும், யாரை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று பார்க்க எங்கள் மனசுக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். சிரிக்காதே. கடைசியில் ஒரு மேஜர் அம்மா என்னை நேரில் கூப்பிட்டு, "வீட்டுல சாவு விழுந்திருக்கா?" என்று கேட்டார். நம் குழந்தை நஸ்தியாவைச் சொன்னேன்.

"அடக்கம் பண்ணின அன்னிக்குத் தூங்கினீங்களா?"

"தூங்கினேங்க. விடியறவரைக்கும்."

என்னையே பார்த்தார். "பதறாத மனசு. எல்லாருக்கும் வாய்க்காது" என்றார்.

தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் பிரிவில் என்னைப் போட்டுவிட்டார்கள். போரில் அண்ணனைப் பறிகொடுத்த லெவ்கோ அதற்குத்தான் ஆசைப்பட்டான்; கோபக்காரன் என்று அவனை லாரி ஓட்ட அனுப்பிவிட்டார்கள். "நீ கல்லுடா, அதான் உன்னைப் பொறுக்கி எடுத்துட்டாங்க" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மற்றவர்கள் இப்போது என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

பயப்படாதே, தூரத்தில் படுத்துக் கிடக்கும் வேலைதான். தடித்த காலுறையும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் அனுப்பு. உன் பழைய தலைத்துணி ஒன்றைத் துவைக்காமல் அதோடு சேர்த்து அனுப்பு.

தபால் வண்டி கிளம்புகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். களைப்பில் தூங்கினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்று நீ என் பக்கத்தில் விழித்தே உட்கார்ந்திருந்தாயே, என்னைப் பார்த்து என்ன நினைத்தாய்? மறைக்காமல் எழுது.

உன் ஸெனோவி