நிரலுக்கு வெளியே வந்த விதிகள்

மார்ச் 4
மறுபடியும் விதி மாறிவிட்டது. குளிர்பெட்டியில் போகும் மருந்துகளுக்கு இனி இரண்டு பேர் ஒப்புதல் வேண்டுமாம். ஒரு வரிதான். ஆனால் அது நான் எழுதிய கணினி நிரலின் வயிற்றுக்குள் கிடக்கிறது; மாற்ற வேண்டுமென்றால் மொத்தத்தையும் நிறுத்தியாக வேண்டும். மருந்துகளை வண்டியேற்றி அனுப்பும் பிரிவின் தலைவி, எங்கள் எல்லோருக்கும் பெரியக்கா, என் நாற்காலி அருகே வந்து நின்றார். "நாங்க நேத்தே மாறிட்டோம்மா. உன் கம்ப்யூட்டர் எப்ப மாறும்?"

மார்ச் 6
மேலாளரிடம் சொல்லிவிட்டேன். விதிகளை நிரலிலிருந்து பிரித்து வெளியே வைக்கப் போகிறேன். 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று சாதாரண வாக்கியங்களாக. பெரியக்காவே திருத்தலாம், நிரல் அதைப் படித்து நடக்கும். மேலாளர் யோசித்துத் தலையாட்டினார். வீட்டில் என் கணவர்தான் கேட்டார்: "எல்லாத்தையும் அவங்களே மாத்திக்கிட்டா உனக்கு அங்க என்ன வேலை?" சிரித்து மழுப்பினேன்.

மார்ச் 23
நிரலிலிருந்து உருவ உருவ விதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. சில விதிகள் எதற்கென்று யாருக்குமே தெரியவில்லை.

ஏப்ரல் 8
புதிய முறை ஓடத் தொடங்கிய முதல் நாள். குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய பெட்டி வாசலிலேயே நின்றுவிட்டது. 'குழந்தைகளுக்கு முதலில் அனுப்பு' என்கிறது ஒரு விதி. 'இரண்டாவது ஒப்புதல் வராமல் அனுப்பாதே' என்கிறது இன்னொன்று. இரண்டும் சரி. நிரல் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டது. கடைசியில் பெரியக்காதான் ஒப்புதலுக்கு அலைந்து, தன் காரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்.

திரும்பி வந்தவர் குரலை உயர்த்தவில்லை. "அங்க ஒரு அம்மா பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்குப் பழசே போதும்மா."

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9
எங்கே கோட்டைவிட்டேன்? விதியை மாற்ற வழி கொடுத்தேன் — ரெண்டு விதி முட்டிக்கிட்டா எது பெரிசுன்னு சொல்ல இடமே வைக்கலையே. முட்டிக்கிட்டா நிக்கக்கூடாது, ஆளைக் கூப்பிடணும். இதுகூடவா தோணலை எனக்கு?

மேலாளர் பழையதற்கே திரும்பச் சொன்னார். கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்த முறை பெரியக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். அவர் சம்மதித்தால்.

ஏப்ரல் 10
சம்மதித்தார். முகத்தில் மட்டும் இன்னும் இறுக்கம்.

மே 21
மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது: ஆற்றுப் பாலத்தைக் காலையிலேயே மூடிவிட்டார்களாம். அப்படியே எழுந்து ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். அக்கரைக்குப் போகும் பெட்டிகளை அங்கிருக்கும் கிடங்கிலிருந்தே அனுப்பச் சொல்லி ஒரு புதிய விதி. அது எந்த விதிகளுக்கு மேல், எந்த விதிக்குக் கீழ் என்பதும் எழுதியிருந்தது. அருகே பெரியக்காவின் பெயர். எல்லாப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்திருந்தன.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன் பெரியக்காவிடம்.

"சொல்லணும்னு தோணலைம்மா" என்றார், அடுத்த வண்டியைப் பார்த்தபடியே.

கொஞ்சம் சுருக்கென்றது. திரும்பி வந்து சாப்பாட்டை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது. ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.