நீலக் கயிற்றில் எழுதாத ஓலைகள்

மழை பொய்யாத வெண்கோட்டு மலைநாட்டின் முடியுடையவளும், யானைக்கொடி உயர்த்தியவளுமாகிய அல்லியங்கோதை மாதேவியாம் நாம், கடலும் கழியும் காவல் நிற்கும் கருங்கழி நாட்டின் மன்னர் சேந்தவர்மருக்கு விடுக்கும் ஓலை. உம் கழிகளில் மீன் குறையாதிருப்பதாக. உம் உப்பளங்கள் வெண்மை மாறாதிருப்பனவாக. உம் குடிகள் நோயின்றி வாழ்வாராக. உமக்கென்று தனியே ஒரு வாழ்த்து எழுதுவதே மரபென எம் ஓலைநாயகம் இருமுறை நினைவூட்டினார். எழுத்தாணி ஓடவில்லை. விட்டுவிட்டோம்.

உம் அவைக் கதைவாணர் மணியம்பலவர் இயற்றிய வடகோட்டைக் காதையை நீர் கேட்டு மகிழ்ந்ததும், அவருக்கு யானையும் பொற்கழலும் ஈந்ததும் நாடறிந்த செய்தி. அக்காதையில் எம் கணவரும் எம் படைத்தலைவருமாகிய இளவெயினர் எவ்வாறு வருகிறார் என்பதும் நாடறிந்ததே. வடகோட்டை பகைவர் இட்ட தீயில் வெந்துகொண்டிருக்கிறது. "அவ்வேளையில்" இளவெயினர் உம் பாசறையில் மான்கறி விருந்து உண்டுகொண்டிருக்கிறார். இதுதானே காதை? கோட்டையில் இருந்தவர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஆகவே இல்லை என்று சாட்சி சொல்லவும் ஆளில்லை. பாணர்கள் ஊர்தோறும் பாடினார்கள். கேட்டவர்கள் காறித் துப்பினார்கள். ஆற்றுத்துறையில் நாம் அவருக்கு நாட்டிய நடுகல்லை, அவருக்காக உயிர் கொடுப்போம் என்று வாளேந்தி நின்ற அதே குடிகள், கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். இன்று அதன்மேல் துணி துவைக்கிறார்கள். அந்தக் கல்லை அவர்கள் கையாலேயே மீண்டும் நிமிர்த்த வேண்டும். எமக்கு வேண்டுவது அது ஒன்றே. அதற்காகவே இந்த ஓலை.

சென்ற வேனில் விழாவுக்கு மணியம்பலவர் தாமே எம் அவைக்கு வந்தார். பிறந்த மண்ணில் பாட வேண்டும் என்ற ஆசையாம்! ஆசையைப் பாரும்! தடுக்க வேண்டும் என்றார்கள் எம் அமைச்சர்கள், பாடட்டும் என்றோம். விருந்துக் காட்சி வந்தது. மனிதர் வல்லவர்தாம், மறுப்பதற்கில்லை. உம் வெள்ளித் தட்டுகள் முழுநிலவில் பளபளத்ததையும், விளக்கே வேண்டாம் என்று நீர் அணைக்கச் சொன்னதையும் இனிக்க இனிக்கப் பாடினார். அடுத்து, "அவ்வேளையில்" என்று இழுத்தார். கோட்டைக்குத் தாவினார். அங்கே அமாவாசை இருள். அந்த இருளில்தான் பகைவர் மதிலேறினார்கள்.

நிறுத்தும் என்றோம். ஒரே வானத்தில், ஒரே இரவில், உம் மன்னருக்கு மட்டும் நிலவு காய்ந்ததோ என்று கேட்டோம். அவை சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

கதை கோக்கும் முறையில் எம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. உம் நாட்டில் அதைக் கேலி செய்வீர்கள். பல இடத்தில் ஒரே காலத்தில் நடக்கும் கதையை எழுதும்போது, இடத்துக்கொரு நிறக் கயிறு எடுப்போம். அரண்மனைக்கு மஞ்சள், போர்க்களத்துக்குச் சிவப்பு, துணைவந்த அரசருக்கு நீலம். ஒவ்வோர் ஓலையின் மூலையிலும் அன்றைய நிலவை வரைவோம்: முழுநிலவுக்கு வெறும் வட்டம், அமாவாசைக்கு உள்ளெல்லாம் கீறிக் கறுப்பித்த வட்டம், இடைநாளுக்கு அதனதன் பிறை. பிறகு கயிறுகளை மூங்கிலில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, ஒரே நிலவுள்ள ஓலைகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி முடிச்சிடுவோம். எவர் எங்கே எப்போது இருந்தார் என்பதைப் பார்த்த கண்ணே சொல்லிவிடும். அதன் பின்பே பாடும் வரிசைக்கு ஓலைகளைக் கழற்றிக் கோப்போம்.

மணியம்பலவர் எம் நாட்டவர். இவ்வழக்கத்தை அவரும் பின்பற்றியே இருக்கிறார். மூங்கிலைக் கொண்டுவரச் செய்து, தம் காதை ஓலைகளை அவர் கையாலேயே அவை நடுவே தொங்கவிடச் சொன்னோம். விருந்து ஓலையும் தீ ஓலையும் ஒரே மட்டத்தில் நின்றன. இரண்டிலும் கறுத்த வட்டம். அவர் விருந்து ஓலையை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எச்சில் தொட்டு மூலையைத் தேய்த்தார். மை கரைந்து வந்தது. உள்ளே ஒரு கீறல் இல்லை. வெறும் வட்டம்.

உம் பிறந்தநாள் விழாவுக்குள் காதை முடிய வேண்டும் என்று நீர் விரட்டினீராம். எழுத்துத் தெரிவதற்காக விளக்குக்கரியைக் கட்டு முழுவதும் அள்ளிப் பூசியவர், துடைக்கப் பொழுதின்றி அப்படியே காயவிட்டிருக்கிறார். முழுநிலவு அமாவாசையாயிற்று. விருந்துக்கும் தீக்கும் இடையே கடந்த அரைத்திங்கள் காலம் விழுங்கப்பட்டது. அந்த விழுங்கலில் ஒரு வீரன் கோழையானான். "ஐயோ தாயே, கண்ணால கண்ட நிலவை விட்டுட்டு மூலையில இருந்த கரியை நம்பிட்டேனே! ஆயிரம் ஓலை, எதை எங்க வெச்சேன்னே தெரியாமப் போச்சே! அந்த மகராசன் முகத்துல நான் என்னன்னு முழிப்பேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழட்டும். நாம் அழுததில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று விருந்தில் அவரும் இருந்தவர் ஆகையால், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லச் செய்தோம். எம் கணவர் முழுநிலவன்று உம்மிடம் படை கேட்டு வந்தார். நீர் வற்புறுத்தியதால் விருந்தில் அமர்ந்தார். நீட்டிய வெற்றிலையை மடிக்கவும் இல்லை, எழுந்துவிட்டார். குதிரை வரை நீர் உடன் நடந்து, அவர் தோளில் கைவைத்து, நிலவு தேய்ந்து முடிவதற்குள் படையோடு வருகிறேன், தங்கையிடம் சொல் என்றீர். தங்கை என்றது எம்மை. அவர் திரும்பிப் போய்க் கோட்டையை அரைத்திங்கள் காத்தார். அமாவாசையில் வடக்கு வாயிலில் வெந்தார்.

இனி உம்மிடம் வருவோம், அண்ணா.

மணியம்பலவர் செய்தது அவசரப் பிழை. நீர் செய்தது என்ன? விருந்து வைத்தவர் நீர். விளக்கை அணைக்கச் சொன்னவர் நீர். அன்று வானில் நிலவு இருந்ததா இல்லையா என்பது உமக்குத் தெரியாதா? காதையை முதன்முதலில் கேட்டபோதே பிழை உமக்கு உறைத்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருவன் தானாக வந்து வாய்த்தான் என்று மகிழ்ந்து, யானையைத் தூக்கிக் கொடுத்தீர். அரைத்திங்கள் மறைந்தால் நீர் வராமல் உட்கார்ந்திருந்ததும் மறையுமல்லவா? செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்!

இந்த ஓரிடத்தில் அரசியாக அல்ல, அவர் மனைவியாக எழுதுகிறேன். உம்மை நம்பித்தான் அவர் அந்த வாயிலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு நாளும் தெற்கே புழுதி எழுகிறதா என்று பார்த்திருப்பார். அதை நினைத்தால் என் வயிறு எரிகிறது. உம் வயிறும் எரியட்டும்.

எம் படையை அனுப்பி உம் நகரைக் கொளுத்த வேண்டும் என்று சேனைத்தலைவர்கள் துடிக்கிறார்கள். வேண்டாம் என்றோம், உம் உப்பளத்துக் குடிகள் எமக்கு என்ன தீங்கு செய்தார்கள்? மணியம்பலவரின் தலையையும் எடுக்கவில்லை. தலையை எடுத்தால் பிழையைத் திருத்துவது யார்? அவர் எம் அரண்மனையிலேயே இருந்து காதையைத் திரும்பக் கோத்துவிட்டார். மஞ்சள் நிறைந்தது. சிவப்பு நிறைந்தது. நீலக் கயிற்றில் மட்டும் முழுநிலவுக்குப் பின் ஓர் ஓலையிலும் எழுத்து இல்லை. அந்நாட்களில் நீர் எங்கிருந்தீர், என்ன செய்தீர் என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளம் மறித்தது என்று அப்போது சொல்லியனுப்பினீர். வேனிலில் என்ன வெள்ளம் ஐயா?

ஆகவே அந்த நீலக் கயிற்றை இத்தூதன் வசம் அனுப்பியுள்ளோம். ஓலைகளின் மூலையில் நிலவு மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது, மற்றது வெறுமை. அதை உம் கையெழுத்தில் உண்மையாக நிரப்பி, வரும் வேனில் விழாவுக்கு நீரே கொண்டுவந்து, ஆற்றுத்துறையில் எம் குடிகள் முன் வாய்திறந்து படிக்கக் கடவீர். படித்தபின், சாய்த்தவர்களோடு சேர்ந்து நீரும் தோள்கொடுத்து அந்தக் கல்லை நிமிர்த்தக் கடவீர்.

வாராவிடில் எமக்கு இழப்பில்லை. மணியம்பலவர் அதேபோல் நிலவு மட்டும் வரைந்த வேறு ஓலைகளை வெறுமையாகவே ஊர்தோறும் கொண்டுசெல்வார்; உம் தலைநகருக்கும் வருவார். வாயிலில் இளவெயினர் நிற்பதைப் பாடி, "அவ்வேளையில் கருங்கழி மன்னர்" என்று எடுத்து, எழுதாத ஓலை ஒன்றை உயர்த்திக் காட்டி, ஒன்றும் பாடாமல் நிற்பார். அடுத்த ஓலைக்கும் அப்படியே. நிலவு தேய்ந்து தீரும் வரை அப்படியே. பிறகு தீயைப் பாடுவார். அந்த மௌனத்தை உம் குடிகள் எதைக் கொண்டு நிரப்புவார்கள் என்பதை உம் ஊகத்துக்கே விடுகிறோம்.

இது எம் ஆணை. யானை முத்திரையோடு, இளவெயினர் விரலில் கருகிக் கிடந்த கணையாழியையும் அரக்கில் பதித்தோம். அது உமக்கு அடையாளம் தெரியும். அவர் தோளில் கைவைத்த அன்று பார்த்திருப்பீர். இன்று அமாவாசை.