உக்கிராணக்காரி

2024 செப்டம்பர் 16, திங்கள்

பள்ளி விட்டு வந்தபோது வீட்டு வாசலில் அண்ணன் காரில் காத்திருந்தார். வழக்கம்போல ஏதோ பட்டறைக் காகிதம். "சும்மா வருஷா வருஷம் குடுக்கறதுதான் அம்மணி, ஒரு கையெழுத்துப் போட்டுடு." பேனாவையும் அவரே நீட்டினார். விடைத்தாள் கட்டுக்கு நடுவிலேயே வைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆவாரம்பாளையம் பட்டறையை அப்பா எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாக எழுதிவைத்துப் பதினோரு வருஷம். எபினேசர் அண்ணன் நடத்துகிறார். நான் கையெழுத்துப் போடுகிறேன். பங்கு தவறாமல் வந்துவிடுகிறது. நல்ல ஏற்பாடு.

செப்டம்பர் 18, புதன்

நேற்று பட்டறையில் கயல்விழி என்ற பெண்ணுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பம்ப் மோட்டாருக்குத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின். சிக்கிய தகட்டை எடுக்கப் போனவள் கைமேல் இறங்கிவிட்டது. அண்ணன் போனில் சொன்னது: "கவனமில்லாம கைய உட்டுப்போட்டா. ஜெபம் பண்ணிக்க."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திரிக்கப் பார்த்தாள். "எம்மேலதானுங்க தப்பு, டீச்சர். மொதலாளி கோவமா இருக்காருங்களா?"

மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்!

செப்டம்பர் 22, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களின் ஏலம். ஒரு அரசாணிக்காயை அண்ணன் ஐம்பதாயிரத்துக்கு எடுத்தார். சபையே கைதட்டியது. ஆயர் மேடைக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொன்னார்.

"நாம யாரும் உடையவங்க இல்லீங்க. ஆண்டவரோட உக்கிராணக்காரங்க. அவரு குடுத்ததப் பாத்துக்கறோம், அவ்வளவுதான். உண்மையா இருந்தா பெருகப் பண்ணுவாரு."

ஆமென், ஆமென் என்று சத்தம். நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உக்கிராணக்காரனாம்! வேதத்தில் உண்மையுள்ள உக்கிராணக்காரன் யார்? எஜமானுக்குச் சொத்தைப் பெருக்கிக் கொடுத்தவனா? கூட இருந்த வேலைக்காரர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டவன். உண்மையில்லாதவன் அவர்களை அடித்தவன். அந்த இடத்தை மட்டும் ஏன் ஒருவரும் மைக்கில் வாசிப்பதில்லை? அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இங்கே காய்க்குக் கைதட்டல்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பங்காருவுக்குப் போன் போட்டேன். அப்பா காலத்திலிருந்து பட்டறையில் மேஸ்திரி. முதலில் மழுப்பினார். "எங்கிட்டச் சொல்லுங்க, பட்டறையில பாதி என்னுது" என்றேன். அப்படி நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

"அந்த மெசினுக்கு ரெண்டு பட்டனுங்க. ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாத்தான் அடிக்கும். கை உள்ள போவ வழியே இல்லீங்க. வேல ஓட்டம் பத்தலைன்னு அண்ணன் ஒரு பட்டனக் கட்டிப்போடச் சொன்னாருங்க. நாந்தான் ஒயரு சுத்துனேன்."

"எப்ப?"

"ரெண்டு வருசமாச்சுங்க. அஞ்சு மெசினும் அப்புடித்தான்."

அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அப்படியே பட்டறைக்குப் போனேன். போன வாரம் திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கொடுத்த உறுதிமொழி. எல்லா இயந்திரங்களிலும் பாதுகாப்புச் சாதனங்கள் சரியாக இயங்குகின்றன. கீழே எபினேசர். அதன் கீழே கிருபா.

மறுநாள்தான் அவள் விரல் போனது.

செப்டம்பர் 25, புதன்

வாசிக்கவே இல்லையேடி நீ. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேள்வியை இரண்டு தடவை வாசி, இரண்டு தடவை வாசி என்று கத்துகிறாயே.

செப்டம்பர் 29, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மிஸ்பா அண்ணி பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். நகலை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது பொய்ண்ணா."

"ஊருல எல்லாப் பட்டறையிலயும் இதான் அம்மணி நடக்குது. அவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு நாந்தானே பாக்கறேன்?"

"ஈ.எஸ்.ஐ.ல அவ பேரே இல்ல. விசாரிச்சேன். அது தெரியாம இருக்கத்தானே தனியார் ஆஸ்பத்திரி?"

"கோயிலுக்குக் குடுக்கறேன், அனாதை இல்லத்துக்குக் குடுக்கறேன். யாருக்கு ஒளிச்சு வெக்கறேன்?"

"அவ வெரல எடுத்துக் கோயிலுக்குக் குடுத்திருக்கீங்க."

அண்ணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இல்லை — பேசியிருக்க வேண்டும். அதுவும் பதினோரு வருஷம் முன்னால்.

அக்டோபர் 7, திங்கள்

ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் பதினாறாம் தேதி நான் போட்ட கையெழுத்து, பார்க்காமல் போட்டது, சொல்லியிருப்பது உண்மையில்லை, வழக்கு வந்தால் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்தவர் இரண்டு தடவை கேட்டார்: "உங்க மேலயே குடுக்கறீங்களா மேடம்?"

இரண்டு தடவையும் ஆமாம் என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆய்வாளர் வந்து பார்த்தார், பட்டறைக்குப் பூட்டு. பதினாலு பேர் வேலையில்லாமல் நிற்கிறார்கள். கோயிலில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. முடிந்ததும் ஆயர் தனியாகக் கூப்பிட்டார்.

"சாலொமோன் ஐசுவரியத்தக் கேக்கல, ஞானத்தக் கேட்டான். நீங்களும் கொஞ்சம் ஞானமா நடந்துக்கலாமே டீச்சர். குடும்ப விசயத்த வெளிய கொண்டுபோயி..."

"அவன் ஞானம் கேட்டது ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கங்க ஐயா. மூடி மறைக்கறதுக்கில்ல."

வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யவே ஐந்து நிமிடம் ஆனது. அத்தனை ஆத்திரம்.

ஆனால் அந்தப் பதினாலு பேர்? வங்கியில் கிடக்கும் என் பங்கிலிருந்து பட்டறை திறக்கும்வரை சம்பளம் போகட்டும். அது என் பணம் என்று இனிமேல் எப்படிச் சொல்வது?

நவம்பர் 18, திங்கள்

அண்ணன் பிரிந்துகொண்டார். பெரிய ஆர்டர்களும் புது மெஷின்களும் மலுமிச்சம்பட்டியில் அவர் போடும் பட்டறைக்கு. பழைய பட்டறையும் அபராதமும் எனக்கு. வக்கீல் முன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "நீயே நடத்திப் பாரு. அப்பத் தெரியும்."

ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை மணி நேரம். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 2, திங்கள்

அஞ்சு மெஷினிலும் சுற்றியிருந்த ஒயரைப் பங்காரு தானே அறுத்தார்.

2025 ஜனவரி 20, திங்கள்

இழப்பீடு கிடைத்த மறுநாள் கயல்விழி பட்டறைக்கு வந்தாள். "வேல இருக்குங்களா?" மெஷின் பக்கம் வேண்டாம், தகடு சோதிக்கும் மேஜையில் உட்கார் என்றேன். முறைத்தாள். "மெசினப் பத்தி இங்க என்னயவிட யாருக்குங்க தெரியும்?" மேற்பார்வைக்குப் போட்டேன். எதிரே நின்றவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

ஜூன் 14, சனி

பள்ளி வேலையை விட்டு இரண்டு வாரம். இன்று மூன்று மணிக்கு லோடு ஏற்றியாக வேண்டும். தவறினால் அந்தக் கம்பெனி அண்ணனிடமே போய்விடும். ஒன்றரை மணிக்கு மூன்றாம் நம்பர் மெஷின் நின்றது. ஓடினேன். கயல்விழி நிறுத்தியிருக்கிறாள். ஓட்டுகிற பிரவீனாவுக்குக் காய்ச்சல், கண் சொருகுகிறது.

"ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டனுங்க. வேற ஆளு இன்னைக்கு இல்ல."

வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஒரு மணி நேரந்தானே, மாத்திரை போட்டுவிட்டு ஓட்டினால் என்ன — வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணனின் குரலிலேயே வந்தது.

கயல்விழி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லாரிய வெறுமனே அனுப்பிச்சுடு" என்றேன்.